வாசற்படி

சென்டாய்,
டிசம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. உங்கள் கூரையில் இந்நேரம் முழங்கால் உயரம் இருக்கும். நீங்களே ஏறித் தள்ளாதீர்கள், ஆள் வையுங்கள்.

அம்மாவுக்கு ஜனவரியில் இருதய ஆபரேஷன், இப்போதே சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம் என்று சித்தி சொன்னாள். அதற்கு முன், புத்தாண்டுக்கு வந்து அம்மாவோடு ஒரு ராத்திரியாவது இருக்க வேண்டும். ஊர்த் தேர்தலில் உங்களைத் தோற்கடித்த ஓனுகியின் மகனைத்தான் கட்டிக்கொண்டேன். அந்தக் கோபத்தை என்மேல் காட்டுங்கள். அம்மா என்ன செய்தாள்?

உங்கள் மகள்,
சிஹோ


கமிசாவா,
டிசம்பர் 16

சிஹோவுக்கு,

பனியைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

'இனி இந்த வாசற்படியைத் தாண்டாதே' என்று ஊரே கேட்கச் சொன்னவன் நான். இப்போது மாற்றிப் பேசினால் ஓனுகி வயிறு குலுங்கச் சிரிப்பான். உன் அம்மா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். வராதே.

தகாயா கென்ஸோ


சென்டாய்,
ஜனவரி 3

அப்பா,

வராதே என்றீர்கள், வந்தேன். வாசலுக்கு வெளியே பனியில்தான் நின்றேன். அம்மா சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்தாள். "என்னடி, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு? அந்த ஓனுகி வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?" என்று கையை நீட்டினாள். சக்கரம் வாசற்படியின் மரக்கட்டையில் இடித்து நாற்காலி சாய்ந்தது. பிடிக்கக் காலைத் தூக்கினேன். "தாண்டாதே!" என்று கத்தினீர்கள்.

தூக்கிய கால் அப்படியே நின்றுவிட்டது. படியை மிதித்தால் அப்பா தலையை மிதித்த மாதிரி என்று அடித்து வளர்த்த கால் அல்லவா! நல்லவேளை, நீங்கள் ஓடிவந்து பிடித்தீர்கள். பிடிக்காமல் போயிருந்தால்?

உங்களை மன்னிக்க மாட்டேன் அப்பா. இனி எழுதவும் மாட்டேன்.

சிஹோ


கமிசாவா,
ஜனவரி 9

சிஹோ,

நேற்று தச்சன் ஹிராகா வந்தான். உன் அம்மாவின் நாற்காலி இடிக்காமல் உருள வேண்டும், வாசற்படியை அறுத்து எடு என்றேன். "உங்க தாத்தா போட்ட படியாச்சே, நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். "வாயை மூடிக்கிட்டு அறுடா" என்றேன். உன் அம்மா சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

வாசல் இப்போது தரைமட்டமாக இருக்கிறது. நான் சொன்ன சொல் சொன்னதுதான், மாற்றவில்லை. தாண்டுவதற்குத்தான் அங்கே ஒன்றும் இல்லை.

பதினைந்தாம் தேதி ஆபரேஷன். அதற்குள் வந்துவிடு. உனக்கென்று அம்மா எடுத்துவைத்த புத்தாண்டு மோச்சி, அந்த அரிசிமாவு உருண்டை, கல்லாய்க் காய்ந்து கிடக்கிறது. அந்த ஓனுகி பையனையும் கூட்டிக்கொண்டு வா. கூரையில் பனி நிறைய இருக்கிறது, என்னால் ஏற முடியவில்லை.

அப்பா