தண்ணீர் இறங்கும் மைதானம்

ஜூன் 9, செவ்வாய்

மேகம் உண்டு, மழை இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் செம்பூரில் ஒரு நாலாவது மாடி பாத்ரூம் லீக்கேஜ். பதினோரு மணிக்கு லேபர் கேம்ப் மைதானம்.

இன்று:
மேல் மண் கடைசி லோடு நிரவியாச்சு.
கோடு போடச் சுண்ணாம்பு – நாளை.
ரிஸ்வானாவுக்கு முழங்கால் பட்டை – மறந்தேன். வீட்டில் திட்டு.

மைதானத்துக்குப் படம் போட்ட மைதிலி மேடம் ஒரு வாளித் தண்ணீரை மைதானத்து நடுவில் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். மண் கறுத்தது, அவ்வளவுதான். தண்ணீரைக் காணோம். இன்னொரு வாளி. அதையும் காணோம். நான் குனிந்து தேடினேன், ஏதோ காசு தொலைத்தவன் மாதிரி. மேடம் சிரித்துவிட்டார்.

இருபத்தாறு வருஷமாக வாட்டர்புரூஃபிங் வேலை. தண்ணீரை உள்ளே விடாமல் இருக்கத்தான் எனக்குச் சம்பளம். மொட்டைமாடி, பாத்ரூம், தொட்டி. இங்கே முப்பது வயசுப் பெண் காகிதத்தில் நாலு கோடு போட்டு ஒரு மைதானத்தையே ஒழுக வைத்திருக்கிறார். அடியில், இடித்த பழைய சால் குடியிருப்பின் செங்கல் துண்டுகள். அதற்கு மேல் ஜல்லி, ஒரு துணி, மணல், பிறகு செம்மண். ஜல்லிக்குள் ஓட்டை போட்ட குழாய்கள். எல்லாம் மேற்கே ஒரு துளி சாய்வு. மேற்குச் சுவர் ஓரம் பெரிய குழாய், அது போய்த் தொட்டியில் சேரும். இந்த மழைதான் வருகிற கோடையில் மைதானத்தை நனைக்கும், கக்கூஸுக்கும் ஆகும். டேங்கர் கூப்பிட வேண்டாம். யா அல்லாஹ், என்ன மூளை இது என்று வாய்விட்டே சொன்னேன்.

வருஷா வருஷம் ஜூனில் இது குளமாகும். அக்டோபர் வரைக்கும் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி கிடையாது. என் மகள் ரிஸ்வானா அதில் ரெய்டர். மைதானக் கமிட்டி செக்ரட்டரி தங்கதுரை அண்ணாச்சி இன்றும் வந்து சொல்லிவிட்டுப் போனார். "மொத பெருமழை வரட்டும் பாய். தண்ணி நின்னுச்சுன்னு வைங்க, மறுநாளே பேவர் பிளாக் போட்டுருவேன். பெறவு யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

கல் பாவினால் கபடி போச்சு. அதில் ஒருமுறை விழுந்தால் போதும், முட்டி கழன்றுவிடும்.

ஜூன் 10, புதன்

புழுக்கம். சுண்ணாம்பு வாங்கியாச்சு. முழங்கால் பட்டையும்.

மேற்குச் சுவரை ஒட்டி ஒரு வரிசை வீடுகள். அதில் ஓர் அம்மா ஜன்னல் வழியே கேட்டாள். "பாய், இம்புட்டுத் தண்ணியையும் எங்க பக்கம் கொண்டாரீயளே. செவுத்துல ஈரம் ஏறாதுல்லா?"

"ஏறவே ஏறாது. நான் பொறுப்பு" என்றேன்.

அவ்வளவு தைரியமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இங்கே மட்டும் எழுதுகிறேன். போன மாதம் மேடம் இரண்டு நாள் பூனா போயிருந்தபோது, மேற்குச் சுவர் ஓரம் பத்தடி அகலத்துக்கு, செம்மண்ணுக்கு அடியில் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் விரித்தேன். ஒட்டுகளில் கெமிக்கல் பூசி அடைத்தேன். படத்தில் அது கிடையாது. ஆனால் சுவர் பக்கத்தில் தண்ணீர் என்றால் என் கை சும்மா இருக்காது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். கேட்கவில்லை. நல்லதுக்குத்தானே செய்தேன். வேலையும் சுத்தம். ஒரு சொட்டு இறங்காது.

ஜூன் 11, வியாழன்

மழை. மத்தியானம் இரண்டு மணிக்கு வானம் அப்படியே இறங்கியது. செம்பூர் வேலையைப் பாதியில் விட்டு ஓடினேன்.

போனபோது மேடம் குடை இல்லாமல் நின்றிருந்தார். கபடிப் பெண்கள் தகரக் கொட்டகைக்குள். கிழக்குப் பக்கம் பார்த்தேன். கொட்டுகிற மழை கொட்டியபடியே காணாமல் போகிறது. செம்மண் பளபளக்கிறது, ஒரு குட்டை இல்லை. எத்தனை வருஷம் இதே இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியிருக்கிறேன்.

பிறகு மேற்கே பார்த்தேன்.

கணுக்கால் வரை தண்ணீர். சுவரிலிருந்து சரியாகப் பத்தடி. அந்தத் தண்ணீரின் ஓரம் அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருந்தது. யாரும் எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அது என் ஷீட்.

அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என்னவே இது? நிக்காது நிக்காதுன்னு சொன்னீயளே?"

மேடம் நனைந்த படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். "என் கணக்குதான் எங்கயோ தப்பாயிருக்கு சார். சாய்வு போறலையோ என்னமோ. ஒரு வாரம் டயம் குடுங்கோ."

"சனிக்கிழம கல்லு போட அளவெடுக்க ஆள் வருது மேடம்" என்றார் அண்ணாச்சி.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இத்தனை வருஷப் பேரும் போய்விடும், கமிட்டி முன்னால், மகள் முன்னால். வீட்டுக்கு வருகிற வழியில் ரிஸ்வானா கேட்டாள். "மேடத்துக்கு வெவரம் பத்தாதோ வாப்பா?" நடையை எட்டிப் போட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

விட்டு விட்டுத் தூறல். ஜும்மா. தொழுகையில் மனசு நிற்கவில்லை. ஸஜ்தாவில் நெற்றி தரையில், கண்ணுக்குள் அந்தப் பத்தடி.

பள்ளிவாசலிலிருந்து நேராகக் கமிட்டி ஆபீஸ். மேடம் அங்கே தரையில் படங்களைப் பரப்பிக் கால்குலேட்டரோடு இருந்தார். கண் சிவந்திருந்தது. விடியவிடியக் கணக்குப் போட்டாராம். தப்பு கிடைக்கவே இல்லையாம். இல்லாத தப்பு எப்படிக் கிடைக்கும்.

சொல்லிவிட்டேன். நின்றபடியே. "கணக்குல தப்பு இல்ல. நான்தான் மேற்க ஷீட்டு விரிச்சேன். கேக்காம செஞ்சேன். நேத்தே தெரியும், வாயத் தொறக்கல."

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒம்மள நம்பித்தானே வே வேலைய விட்டோம். ஓட்ட அடைக்கிற புத்தி ஒம்மள விடாதா?"

வாசலில் ரிஸ்வானா. பயிற்சி உண்டா இல்லையா என்று கேட்க வந்தவள். எல்லாம் கேட்டுவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பதில் அவள் என்னை ஏசியிருக்கலாம்.

மேடம் ஒரு படத்தை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பிறகு, "எத்தனை அடி அகலம்?" என்றார்.

"பத்து."

"ஏன் போட்டேள்?"

சுவரைப் பற்றிச் சொன்னேன், அந்த அம்மா கேட்டதையும். அவர் பென்சிலை எடுத்துச் சுவர் ஓரத்தில் ஒரு நேர்க்கோடு போட்டார். "அவா கேட்டது நியாயம்தான். அந்தச் செவுத்தை நான் யோசிக்கவே இல்லை. ஷீட்டைப் படுக்கப் போடாம செவுத்தோரமா நிக்க வெச்சா? தண்ணி கீழ இறங்கும், அந்தப் பக்கம் போகாது. சரியா வருமா கமால் பாய்?"

என்னைப் பார்த்துக் கேட்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்க விடாமல் செய்தவனைப் பார்த்து. ஒரு ஆளுக்கு இவ்வளவு பெரிய மனசு இருக்க முடியுமா என்று திகைத்துப் போய் நின்றேன். "வரும்மா" என்றேன்.

அண்ணாச்சி ஞாயிறு வரை கெடு கொடுத்தார். அளவெடுக்கிற ஆளை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு நாள் தள்ளித்தான் வரச் சொன்னார்.

ஜூன் 13, சனி

வெயில், நல்லவேளை. காலை ஏழுக்கே கடப்பாரை. இரண்டு ஆள், நான் மூன்று.

என் ஒட்டு எனக்கே பிரியவில்லை. அவ்வளவு கெட்டி. கத்தியால் கிழித்தேன், கையையும் கிழித்துக்கொண்டேன். எட்டு மணிக்குக் கபடி அணி முழுக்க வந்து மண் சட்டி தூக்கியது. ரிஸ்வானாவும் தூக்கினாள். என்னிடம் பேச்சில்லை. சட்டியை நீட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கடைசித் துண்டை உருவியபோது அதன் மேல் தேங்கியிருந்த தண்ணீர் மணலில் சரிந்தது. அடுத்த கணம் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் இது எனக்குப் பழகவில்லை. வேலையாட்களும் கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

சுவர் ஓரம் ஒடுக்கமாகப் பள்ளம் வெட்டி ஷீட்டை நிற்க வைத்தோம். மணல், செம்மண், லேசாக உருளை. அதிகம் உருட்டாதீங்கோ என்று மேடம் மூன்று தரம் சொன்னார். ஜன்னலிலிருந்து அந்த அம்மா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். முதுகு விட்டுப் போச்சு. தைலம் வாங்க வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

விடியலிலிருந்து பேய் மழை. குர்லாவில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுவிட்டதாம். தெருவில் முழங்கால் தண்ணீர், செருப்பு ஒன்று போச்சு. பயந்துகொண்டேதான் கேட்டைத் தள்ளினேன்.

உள்ளே தண்ணீர் இல்லை.

எழுதினால் எனக்கே நம்ப முடியவில்லை. வெளியே ஊரே மிதக்கிறது. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஈர மண். மேற்கிலும் ஈர மண்தான். அத்தனை மழையும் காலடியில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேடம் மாட்டுங்காவிலிருந்து நடந்தே வந்திருந்தார், இடுப்பு வரை நனைந்து. அவர் அழுதார், நானும்தான்.

அண்ணாச்சி அளவெடுக்கிற ஆளோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மேற்குப் பக்கம் முழுக்க ஒருமுறை நடந்தார். பிறகு இன்னொரு முறை. குனிந்து மண்ணை அமுக்கிப் பார்த்தார். "தம்பி, டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார் அந்த ஆளிடம். சுவர் வீட்டு அம்மா, உள்ளே தொட்டுப் பார்த்தேன், ஈரம் இல்லை என்று ஜன்னலிலிருந்து கை காட்டினாள்.

பத்தரைக்கு மழை சற்று விட்டது. பெண்கள் இறங்கிவிட்டார்கள். ரிஸ்வானா முதல் ரெய்டு. மேற்கு மூலையில் நாலு பேர் சேர்ந்து அமுக்கினார்கள். மற்றவர்கள் எழுந்தார்கள். இவள் எழவில்லை. கன்னம் மண்ணில், கண் மூடி, அசையாமல். ஓடினேன், அவள் பேரைக் கத்திக்கொண்டே.

அவள் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள். "சத்தம் போடாதீங்க வாப்பா. அடில தண்ணி ஓடுது. கேக்குது."

ஒவ்வொருத்தியாகப் படுத்துக் காதை வைத்தார்கள். மேடமும். ரிஸ்வானா கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஐம்பத்து மூன்று வயசில், தாடியெல்லாம் சேறாக, படுத்துக் காதை வைத்தேன். ஓடுகிறது.