களிமண்ணில் நீ கண்ட தண்ணீர்

ஜூலை ஒன்பது, புதன்கிழமை, மதியம் மூன்று மணி பத்து நிமிடம். ஒளி வரைபடத்தின் அடிக்கோட்டுக்கு மேல் எண்ணிக்கை: பூஜ்யம்.

அந்த வரைபடத்தில் நீ கண்டுபிடித்த முகடு உண்மையில் இல்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன், உன் அளவீட்டை இன்னொரு முறை எடுத்துத் தரச் சொன்னார் நம் வழிகாட்டி மேடம். நீ போன பிறகும் உன் பெயருக்குப் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். நீ வைத்தது போலவே எல்லாவற்றையும் வைத்தேன். சித்தூர்ப் பக்கத்து ஏரியில் நீ அள்ளிவந்த களிமண், ஈரக்காற்று வரும் குழாய், குழாய்க்காக மூடாமல் விட்ட கருவியின் கதவு, அதன்மேல் கறுப்புத் துணி. பச்சை லேசரைப் போட்டேன். நீ காட்டிய அதே இடத்தில், ஊசி மாதிரி, முகடு வந்தது. சந்தோஷத்தில் மேசையைத் தட்டினேன்.

அப்போது இடி இடித்துக் கரண்ட் போனது. கருவிக்கு யுபிஎஸ் உண்டு, டியூப்லைட்டுக்குக் கிடையாது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் லேசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அளவீட்டில் முகடு இல்லை. கரண்ட் வந்தது, முகடும் வந்தது. பைத்தியக்காரன் போல சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று அணைத்தும் போட்டும் பார்த்தேன். டியூப்லைட்டின் பூச்சு சில நிறங்களில் மட்டும் ஊசி ஊசியாக ஒளிவிடும். அதில் ஓர் ஊசி, தண்ணீருக்கு உரிய இடத்தில் வந்து குத்தியிருக்கிறது.

களிமண் தகடு தகடாக அடுக்கியிருக்கும், நடுவே தண்ணீர். லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, மண் அந்தத் தண்ணீரை எத்தனை இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். வறண்ட காற்றை விட்டபோது தண்ணீரின் மற்ற முகடுகள் எல்லாம் சுருங்கின. உன்னுடையது மட்டும் அசையவில்லை. "ஏரி காஞ்சி வெடிச்சாலும் இந்தத் தண்ணி போவாது மாமே. மண்ணு உட மாட்டேங்குது," என்று கேண்டீனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். ஏன் அசையவில்லை என்று இப்போது தெரிகிறது. டியூப்லைட்டுக்கு ஏது ஈரம், காய்வதற்கு?

இதைக்கூடத் தாங்கிவிடுவேன். துணிதான் என்னை உட்கார வைத்துவிட்டது.

உன் நைனா தன் விசைத்தறியில் மகனின் கருவிக்கென்றே தனியாக ஓட்டி, இரண்டு முறை சாயம் ஏற்றி, நகரியிலிருந்து ரயிலில் தானே கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "சேறுதானடா இது?" என்றார்.

"சேத்துல தண்ணி எங்க பூந்துக்கினு கீதுன்னு பாக்கறோம் நைனா," என்றாய்.

"பக்கெட்ல போட்டுக் கரைச்சிப் பாரு, தெரிஞ்சிடும். இதுக்கு எதுக்கு லேசரு?"

நான் சிரித்தேன். என் பக்கம் திரும்பினார். "நீ என்னா சிரிக்கிறே? நீயும் அதே சேத்தைத்தானே துழாவிக்கினு கீறே?"

பிறகு நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் துணியைக் கருவிமேல் போர்த்தினீர்கள். "எறும்பு பூராது இதுல. வெளிச்சம் எங்க பூரும்?" என்றார். உன் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? இன்று துணிக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். இழைக்கும் இழைக்கும் நடுவே புள்ளி புள்ளியாக வெளிச்சம்.

வெறும் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். டெங்கு. வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உன் நைனா எனக்குப் போன் செய்தார். "பட்டம் குடுக்கற அன்னிக்கு நானே வந்து வாங்கிக்கலாமாப்பா? மேடைல செருப்பு போட்டுக்கினு ஏறலாமா?" என்று கேட்டார். ஏறலாம் என்றேன்.

முகட்டை எடுத்துவிட்டால் உன் ஆய்வேட்டில் மிஞ்சுவது, களிமண்ணில் தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும். அதற்கு யாரும் பட்டம் தரமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் வரும். செத்தவனின் அளவீட்டை யார் திரும்ப எடுத்துப் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் யாரோ எழுதிய தப்பான கட்டுரையை நம்பி நாம் இருவரும் ஒரு வருடத்தைத் தொலைத்தோமே, அன்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "நம்ம வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டு அவன் பேரு வாங்கிக்கினான் பாரு." இப்போது உனக்குத்தான் அந்தப் பேரை வாங்கித் தரப் பார்க்கிறோம். இன்னொருவன் இந்த முகட்டைத் தேடிக் கிளம்புவான். அவன் தலையில் யார் மண்ணைப் போடுவது, நீயா, நானா?

உன்னிடம் கேட்டு என்ன பயன்? செய்யப் போவதை எழுதுகிறேன்.

1. நாளை விளக்கை அணைத்துவிட்டு எல்லா மாதிரிகளையும் திரும்ப எடுப்பது. முகடு வராது. இருந்தாலும் எடுப்பது.

2. மேடத்திடம் நேரில் சொல்வது. மெயில் அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ளாமல் இருப்பது.

3. சனிக்கிழமை நகரிக்கு ரயில் ஏறுவது. சாப்பிடச் சொல்வார்கள். சாப்பிடுவதற்கு முன்பே, பட்டம் வராது என்று சொல்லிவிடுவது.

4. ஏன் என்று உன் நைனா கேட்பார். விளக்கு வெளிச்சம் உள்ளே வந்துவிட்டது என்று சொல்வது. எப்படி வந்தது என்று கேட்டால், கருவியின் கதவு திறந்திருந்தது என்று மட்டும் சொல்வது. அது பொய்யில்லை.