காயாத நட்புக் கயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை; நான் கேட்கிறேன். போனில் பேசினால் பக்கத்தில் நின்று காது கொடுப்பாள் என்பதால் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ் வாத்தியாரே கைவிட்ட கையெழுத்து இது, பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு நண்பர்கள் தினம். நம் வாழ்த்து அட்டைக் கடையில் நல்ல கூட்டம். இந்த நாளை முதலில் கிளப்பிவிட்டவர் வாழ்த்து அட்டை விற்ற ஒரு வியாபாரி என்று பேப்பரில் படித்தேன். சரக்குத் தள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று சனங்கள் கண்டுபிடித்துக் கைவிட்டார்களாம். அப்புறம் வேறெங்கோ பிள்ளைகள் பிடித்துக்கொண்டு, கையில் கயிறு கட்ட ஆரம்பித்தார்களாம். நம்ம தொழில்காரர்தானே என்று எனக்கு ஒரே பெருமை. வந்தவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

கட்டியவருக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டியதை நாமாக அவிழ்க்கக் கூடாது, தானாக அறுந்து விழ வேண்டும். இந்தச் சட்டமெல்லாம் நீயும் உன் உயிர்த்தோழி வாயாடியும் பள்ளிக்கூட நாளில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை.

குனிந்து கயிறுகளின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ‘கஞ்சப்பா, கையைக் காட்டுங்க’ என்று ஒரு குரல். நீட்டினேன். மணிக்கட்டில் நீலக் கயிறு ஒன்று ஏறியது. இது அவளுக்கு, வந்ததும் மாத்திக் கட்டிடுங்க, எப்ப வர்றா என்று கேட்டது. நான் தலையைத் தூக்காமலே, அடுத்த மாசம் வர்றாடி வாயாடி, இந்தா அவ சார்பா நான் கட்டுறேன் என்று ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து அந்தக் கையில் கட்டினேன். கை நனைந்து சில்லென்று இருந்தது. அப்ப சரி, வரட்டும், கூட்டிட்டுப் போறேன் என்றது.

முடிச்சுப் போட்ட பிறகுதான் உறைத்தது. அவள் குளத்தில் மூழ்கிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பாடையைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். என்னைக் கஞ்சப்பா என்று கூப்பிட அவளைத் தவிர யாருக்கும் தைரியம் கிடையாது.

நிமிர்ந்தால் எதிரே ஒரு கல்லூரிப் பெண். அங்கிள், நான் எவ்வளவு நேரமா நிக்கிறேன், நீங்க யார்கிட்ட பேசுறீங்க என்று சண்டைக்கு வந்தாள். மேசை மேல் தண்ணீர் தேங்கியிருந்தது.

கயிறு இன்னும் என் கையில்தான். வெயிலில் காட்டினேன், விசிறிக்கு அடியில் வைத்தேன், காயவில்லை. அவிழ்க்கப் போனால் இறுகுகிறது. கிழவனுக்கு எந்தச் சிநேகிதி கட்டினாளோ என்று உன் அம்மா கேலி செய்கிறாள். செய்யட்டும். தினமும் சாயங்காலம் கடைப் படியில், யாரோ உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம். மழையே இல்லை.

அவள் கெட்ட பெண் இல்லை. உன் மேல் உயிரையே வைத்திருந்தவள். எனக்குப் பயமே அதுதான்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு. லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல். அழுவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். எப்ப வருவ, எப்ப வருவ என்று உன்னை நச்சரித்த வாய்தான் இதையும் சொல்கிறது. வாயாடி மறுபடி வந்து கேட்டால், இது எனக்குக் கட்டியது, மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றால் என்னைக் கூட்டிப் போகட்டும். வழி நெடுகப் பேசி அறுத்தே அவளை ஓட வைத்துவிடுவேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இங்கே மட்டும் வராமல் இரு, கண்ணு.

உன் அப்பா