காற்று இறங்கிய பந்துகள்

மிஸ்,

இன்று காலை ஸ்டேப்ளர் பின் தேடி இழுப்பறையைத் துழாவியபோது கையில் தட்டுப்பட்டது உங்கள் ஊசி. பந்துக்குக் காற்றடிக்கும் பம்பின் முனையில் மாட்டுவோமே, அதுதான். மூக்கருகே கொண்டுபோனேன். இரும்பும் ரப்பரும் கலந்த வாசனை கொஞ்சமும் போகவில்லை. கழுத்தில் விசிலோடு நீங்கள் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர்கள். ஸ்டேப்ளர் பின் எதற்குத் தேடினேன் என்பதே மறந்துபோயிற்று.

இந்தப் பெண்கள் பள்ளியில் நான் சேர்ந்த வருஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாலக்கரையில் இருந்து நீங்கள் நடந்தே வந்துவிடுவீர்கள். நான் ஸ்ரீரங்கத்தில் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, கசங்கிய புடவையோடு வந்து சேர்வேன். நீங்கள் பி.டி. மிஸ், நான் புது கவுன்சிலிங் மிஸ். எனக்குக் கொடுத்த அறை பிரின்ஸிபால் அறைக்கு அடுத்தது. வாசலில் 'ஆலோசனை அறை' என்று பலகை. உள்ளே அழுகிற முகம், சிரிக்கிற முகம், கோபிக்கிற முகம் எல்லாம் வரைந்த சார்ட் ஒன்றை ஆசையாக ஒட்டியிருந்தேன். இரண்டு மாதம் ஈ காக்கைகூட வரவில்லை. பைத்தியம் பிடித்தவர்கள் போகிற அறை என்று பிள்ளைகளுக்குள் பேச்சு.

நீங்கள் ஒருநாள் எட்டிப் பார்த்து, அந்த சார்ட்டை மேலும் கீழும் அளந்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"இதுல எது உன் மூஞ்சின்னு கேட்டா எவ மிஸ் சொல்லுவா?"

மறுநாள், ஸ்போர்ட்ஸ் ரூமில் மழைத் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லி, காற்றடிக்கும் பம்பைக் கொண்டுவந்து என் அறை மூலையில் வைத்துவிட்டீர்கள். அதன்பிறகு தினமும் ஒரு பெண் காற்று இறங்கிய பந்தோடு வாசலில் நிற்பாள். பி.டி. மிஸ் அடித்துக்கொண்டு வரச் சொன்னார்களாம். எனக்கு எரிச்சலான எரிச்சல். எம்.எஸ்.சி. படித்துவிட்டு சைக்கிள் கடை வைத்தது போல ஆயிற்றே என்று வீட்டில் புலம்பினேன். அதிலும் காற்றடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பந்தை அசையாமல் பிடிக்க வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் நானும் தரையில் உட்கார்ந்து பந்தைப் பிடித்தேன்.

ஊசியை நாக்கில் தொட்டுவிட்டுத்தான் பந்தில் சொருகுவீர்கள். எச்சில், பத்து என்று ஆசாரம் பார்க்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு உடம்பே கூசும். "ஸ்ரீரங்கத்துக்காரங்களுக்குத் தனியா தேங்காண்ணெய் வாங்கி வெக்கணும்" என்று கிண்டல் செய்தீர்கள். மறுநாள் நிஜமாகவே சின்ன டப்பாவில் எண்ணெய் வந்தது. நான் எண்ணெய் தொட்டுத்தான் சொருகுவேன், நீங்கள் கடைசிவரை நாக்குதான்.

அந்தப் பந்தைப் பிடித்துக்கொண்டுதான் என் வேலையையே கற்றேன். எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் வாயைத் திறக்காத பெண், கண்ணைப் பந்தின் மேல் வைத்துக்கொண்டு காற்றடிக்கும்போது தானாகப் பேசினாள். அவள் என்னைப் பார்க்க வேண்டியதில்லை, நானும் அவளைப் பார்க்க வேண்டியதில்லை. பந்து கெட்டியாவதற்குள் பாதிக் கதை வந்துவிடும். மீதிக்கு அவளே மறுநாள் வருவாள்.

கயலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், யாரென்று உங்களுக்குத் தெரியும். பதினோராம் வகுப்பு, வாலிபால் டீமில் உங்கள் செல்லம். அவள் அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன பிறகு, அந்த வீட்டில் அக்காவின் பெயரை எடுக்கவே கூடாது என்று ஆகிவிட்டது. கயல் விளையாட்டை விட்டாள், மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துப் போனாள். அப்பா தினமும் நாலேகாலுக்கு மொபெட்டோடு கேட்டில் நின்றார். காவல் போட்டிருக்கிறார் என்று தோழிகள் கேலி செய்தார்கள்.

அன்று நீங்கள் விசில்கூட ஊதாமல் என் அறைக்கு வந்தீர்கள்.

"கயல் ஷூவை எவளுக்கோ தூக்கிக் கொடுத்துட்டா மிஸ். உயிரா வெச்சிருந்த ஷூ. எனக்கு என்னமோ சரியாப் படல. இப்பவே அனுப்புறேன், பாருங்க."

ஐந்து நிமிஷத்தில் கயல் பந்தோடு வந்தாள். காற்றடித்துக்கொண்டே, இனிமேல் தனக்கு எதுவும் வேண்டாம் என்று தோன்றுவதாகச் சொன்னாள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். பம்பை நிறுத்தாமல், ஆமென்று தலையை ஆட்டினாள். நழுவிய பந்தை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். இதை எனக்குள் வைத்துக்கொள்ள முடியாது, வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவளிடமே சொன்னேன். அன்று மதியமே அம்மாவை வரவழைத்து, மூன்று பேருமாக டாக்டரிடம் போனோம். அவளைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டோம். அப்பாதான் வரவில்லை. என் பெண்ணுக்கு என்ன பைத்தியமா என்று போனில் கத்தினார். கடிதம் அனுப்பினேன், அதற்கும் வரவில்லை. அவர் வாய் திறக்காதவரை அந்த வீடு மாறாது என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் திறக்கவைப்பது என்றுதான் தெரியவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் நாலேகாலுக்கு நேராக வாசல் கேட்டுக்குப் போனீர்கள். "சார், கொஞ்சம் கை குடுங்க. பந்தைப் பிடிக்க ஆள் இல்ல" என்றீர்கள். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டைகளோடு பழகிய மனிதர், இந்தச் சின்ன உதவிக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? அழைத்துவந்து தரையில் உட்காரவைத்து, மடியில் பந்தைக் கொடுத்தீர்கள். கயல் கையில் பம்பைக் கொடுத்தீர்கள். நீங்கள் போய் வாசலில் நின்றுகொண்டீர்கள்.

கயல் அடிக்க ஆரம்பித்தாள். பந்து பாதி கெட்டியானதும் குனிந்தபடியே சொன்னாள்.

"நான் அக்கா மாதிரி போயிட மாட்டேன்ப்பா. கேட்ல வந்து காவலுக்கு நிக்காதீங்க."

பந்தைப் பார்த்தபடியே அவர் சொன்னார்.

"காவலுக்கு வரல பாப்பா. முன்னெல்லாம் நாலரைக்குத்தான் அவ காலேஜ் பஸ்ல வந்து எறங்குவா. அந்த நேரத்துக்கு எனக்கு வீட்ல இருக்க முடியல. அதான் உன்னைப் பாக்க வந்துடறேன்."

கயல் பம்பை விட்டுவிட்டாள். நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் நீங்கள் கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, தூசி என்றீர்கள். அடுத்த வாரம் ஷூ திரும்பி வந்தது. சிரிப்பு திரும்பி வர இன்னும் சில மாதம் பிடித்தது, ஆனாலும் வந்தது.

இந்த மே மாத விடுமுறையில் உங்களுக்கு நெஞ்சுவலி வந்ததும் நீங்கள் போனதும் ஒரே நாளில் முடிந்துவிட்டது. பாலக்கரை சர்ச்சில் கூட்டத்துக்கு இடம் போதவில்லை. கயலின் அப்பா தூண் ஓரமாக நின்றிருந்தார், இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். பெரியவள் இடுப்பில் ஒரு குழந்தை. நீங்கள் பார்த்திருக்க வேண்டும் மிஸ்.

ஜூனில் புது பி.டி. மிஸ் வந்தார். காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது, என் அறைக்கு ஒரு பந்துகூட வரவில்லை. பம்பின் மேல் தூசி. நேற்று அவரிடம், பந்துகளில் காற்று இறங்கவில்லையா என்று கேட்டேன். போன வருஷத்துப் பந்துகள்தானாம். தன்னிடம் இருக்கும் புது பம்பால் ஒருமுறை அடித்தால் வாரக்கணக்கில் கெட்டியாக நிற்கிறதாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மட்டமான பந்து, கடையை மாற்றுங்கள் என்று பிரின்ஸிபாலுக்கு நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேனே. இரண்டிலும் கீழே கையெழுத்துப் போட்டீர்களே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். எந்தப் பெண் சாப்பிடவில்லை, எவள் தனியே நிற்கிறாள் என்று மைதானத்தில் நின்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொருத்திக்கும் ஒரு பந்தின் காற்றைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறீர்கள். ஏழு வருஷம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

விடுமுறைக்கு முந்தின கடைசி வேலை நாளில் இந்த ஊசியை என் மேசையில் வைத்து, "ஊசி மட்டும் இருந்தா போதும் மிஸ், வெச்சுக்குங்க" என்றீர்கள். பம்பில்தான் ஏற்கெனவே ஓர் ஊசி இருக்கிறதே, இது எதற்கு என்று நினைத்து இழுப்பறையில் போட்டேன். காற்றடிக்கத்தான் பம்பு வேண்டும். இறக்குவதற்கு ஊசி போதும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், மூன்று வாரமாக இடைவேளையில் குழாயடியில் தனியாக நிற்கிறாள். கூப்பிட்டு அனுப்பினால் வருவதில்லை. இன்று மதியம் ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் போய் ஒரு பந்தை எடுத்தேன். எண்ணெய் டப்பா அறையிலேயே இருந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஊசியை நாக்கில் தொட்டுச் சொருகினேன். புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. அவள் வகுப்பு மிஸ்ஸிடம் பந்தைக் கொடுத்து, காற்றடிக்க அவளிடம் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வராந்தாவில் பொத், பொத்தென்று சத்தம் கேட்கிறது. எழும்பாத பந்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வருகிறாள். போய்த் தரையில் உட்காருகிறேன் மிஸ், பந்தைப் பிடிக்க ஆள் வேண்டும்.