கம்பளி வேண்டாம் என்றாய்

எஸ்-பான் நகர ரயிலில் நனைந்த கம்பளியின் வாடை எழுந்தாலே உன் ஞாபகம் வந்துவிடுகிறது. இன்று அது என் மேலிருந்தே வந்தது. நான் போட்டிருப்பது உன் கோட்டு.

ஜெர்மனியின் ஹம்பேர்க் நகர மாணவர் விடுதியில் நம் இருவருக்கும் ஒரே அறை. முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தின் வணிகக் கொள்கை உன் ஆராய்ச்சி. நம் பருத்தித் துணியை வாங்கி வாங்கித் தங்கள் வெள்ளிப் பணமெல்லாம் கிழக்கே போய்விடும் என்று அங்கே பலர் நடுங்கிய கதையை ரசம் கொதிக்கும்போது சொல்வாய். உள்ளூர்க் கம்பளி விற்க வேண்டுமே என்று, செத்தவர்களையும் கம்பளியில்தான் புதைக்க வேண்டுமெனச் சட்டம் போட்டார்களாம். கம்பளியில்தான் புதைத்தோம் என்று உறவினர் சத்தியம் செய்ய வேண்டும்; மீறினால் அபராதம்.

வீட்டுக் கடிதம் தாமதமானால் நான் சாப்பிடாமல் கிடப்பேன். "நீயும் அந்த இங்கிலாந்துக்காரங்க மாதிரிதான்டி. வெளிய போறதையே பாத்துப் பயப்படுவ. உள்ள வந்தது கண்ணுக்கே தெரியாது" என்பாய்.

நீ நோயில் கிடந்த ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது, "எனக்குக் கம்பளி வேணாம். என் சுங்குடிப் பருத்திப் புடவைதான். ப்ராமிஸ் பண்ணு" என்றாய். நீ சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

இங்கேயே அடக்கம் செய்யும்படி மதுரையிலிருந்து உன் அப்பா தந்தி கொடுத்தார். புடவையை முதல்நாளே அடக்கம் செய்பவர்களிடம் சேர்ப்பித்துவிட்டேன். பெட்டியை மூடுவதற்கு முன் பார்த்தால், புடவைக்கு மேல் கழுத்திலிருந்து கால்வரை இந்தக் கோட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னோடு வந்தது. வெயில் நாட்டுப் பெண், மண் உறைந்திருக்கிறது, துணியோ இவ்வளவு மெல்லியது என்று அடக்க வேலை பார்க்கும் பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அந்த இரக்கத்தை எப்படி மறுப்பது? பாதிரியார் வாசலில் நின்றார். எனக்கு ஜெர்மன் திக்கியது. பதற்றத்தில் அந்தச் சட்டத்தின் கதை முழுவதையும் தப்பும் தவறுமாகச் சொல்லி முடித்தேன். பெரியவர் கடைசிவரை கேட்டார்.

"இங்கே அப்படிச் சட்டம் எதுவும் இல்லை, அம்மா" என்றார். கோட்டை எடுத்து, மடித்து, என் கையில் வைத்தார்.

அதன்பின் இது இரண்டாவது குளிர்காலம். தரை உறையும் என்று வானொலி சொன்னால், அந்தப் புடவை உனக்குப் போதுமா என்று இன்னும் பதறுகிறேன். பதறியபடியே கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிறேன். உள்ளே வந்ததைப் பார் என்பாய். பார்க்கிறேன். கோட்டு கனமாக இருக்கிறது. குளிர் தெரியவில்லை.