குட்மேய்ஸுக்கு முதலில் வரும் பனி

என் செல்லத் தங்கச்சி பவளம், என் ஆயுட்கால எரிச்சலே,

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறாளாம் உன் மகள் சுபா. "பெரியம்மா, அம்மாவைப் பற்றி நைஸா ஒரு பேஜ் எழுதித் தாங்கோ" என்று கேட்டாள். நைஸாக எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். அன்பின் வடிவம், பண்பின் சிகரம் என்று அவர்கள் எழுதட்டும். எனக்கு உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்.

செய்தி குளிர்காலத்தைப் பற்றியது. நீ இல்லாத முதலாவது குளிர்காலம்.

அதற்கு முன் உன்மேல் எனக்குள்ள பொறாமையைப் பற்றி இரண்டு வார்த்தை. உனக்குத் தெரியும், இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதைக் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் காரணங்கள் இருந்தன.

கொன்வென்ட்டில் புவியியல் படிப்பித்த சிஸ்டர் முற்றத்தில் மழைமானி ஒன்று வைத்திருந்தார். காலையில் அதைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதும் பொறுப்பு, மேல் வகுப்பில் இருந்த எனக்கு வந்திருக்க வேண்டும். என் எழுத்து அச்சுப்போல இருக்கும். சிஸ்டர் உன்னிடம் கொடுத்தார். "அவளுக்குச் சிரித்த முகம்" என்றார். மழையை அளக்கச் சிரித்த முகம் எதற்கு? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பிறகு லண்டன். நீ குட்மேய்ஸில் வீடு வாங்கினாய், நான் பிளேஸ்டோவில். இரண்டும் கிழக்கு லண்டன்தான், இடையில் சில ரயில் நிலையங்கள்தான். ஆனால் கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் அந்தச் சில நிலையங்கள் போதும். கடலில் இருந்து வருகிற குளிர் உன் வாசலால் உள்ளே நுழையும். நகரத்தின் சூடு என் வாசலில் அதை மறித்துக்கொண்டு நிற்கும். உனக்குப் பனி, எனக்கு மழை. ஒவ்வொரு முறையும்.

மற்றவர்கள் பனி பெய்தால் பார்ப்பார்கள். எங்கள் இருவருக்கும் அது இரண்டாம் பட்சம். மழை பனியாக மாறுகிற அந்தக் கணம்தான் வேண்டும். அதற்காகச் சன்னலை விட்டு அசையாமல், அடுப்பில் இருப்பது கருகினாலும் திரும்பாமல் நிற்போம். மழை வலுக்க வேண்டும் என்று லண்டனில் வேண்டிக்கொள்ளும் ஆட்கள் வேறு யார்? வலுத்துப் பெய்தால்தான் மேலே இருக்கிற குளிரை மழை தன்னோடு கீழே இழுத்துக்கொண்டு வரும். நான் சன்னலோடு நின்று "கொட்டு, கொட்டு" என்று சொல்ல, உன் அத்தான் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளியோடு நின்று என்னை ஒரு பார்வை பார்ப்பார். பாவம் மனிதர்.

அப்போது தொலைபேசி அடிக்கும். நீதான்.

"அக்கா, இஞ்ச மாறீட்டுது! அங்க எப்பிடி?"

"இஞ்ச மழைதான்."

"கொஞ்சம் பொறுங்கோ, வரும்."

அந்தப் "பொறுங்கோ"வில் என்ன தாராளம்! பிறகு ரிசீவரைச் சன்னலுக்கு வெளியே நீட்டுவாய். மழைக்குச் சத்தம் உண்டு, பனிக்கு இல்லை. ஒன்றுமே கேட்காத ரிசீவரை ஒரு காதில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக் கூரைப் பீலியில் தண்ணீர் கொட்டுவதை மற்றக் காதால் கேட்டுக்கொண்டு நான் நிற்பேன்.

"அது ஸ்நோவா இராது, ஸ்லீட்டா இருக்கும்" என்பேன். "கறுப்புக் கையுறையில விழுந்து உருவம் குலையாமல் கிடக்குதோ எண்டு பார். தண்ணியாப் போனால் அது மழையும் பனியும் கலந்தது."

"வெள்ளையா விழுகுது அக்கா. உங்களுக்குப் பொறாமை."

ஓம், பொறாமைதான். அதற்காக ஸ்லீட் பனியாகிவிடாது.

உன் வேலிக்கு அடுத்த வீட்டு லெட்சுமியைப் பற்றி இனி நான் பேச வேண்டும். மலேசியாவில் இருந்து நர்ஸ் படிப்புக்கு வந்து, இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உன் வானிலைக் கிறுக்கு வேலியைத் தாண்டி அவளையும் பிடித்துக்கொண்டது. உங்கள் இருவருக்கும் கணினியில் ஒரு கூட்டம் இருந்தது. பகுதிக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டு, "இங்கே இன்னும் மழை", "இங்கே கலந்து வருகிறது", "இங்கே மாறிவிட்டது" என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். என்னையும் சேரச் சொன்னாய். சொந்தப் பெயரைப் போடத் துணியாமல், எழுத்துப்பிழையோடு எழுதுகிறவர்களோடு எனக்கு என்ன பேச்சு என்று கேட்டேன்.

நீ போய்விட்ட செய்தியை அந்தக் கூட்டத்துக்கு எழுதியது லெட்சுமி. முகம் தெரியாத அவர்கள் எழுதிய இரங்கல்களை அச்செடுத்து, செத்தவீட்டில் ஒவ்வொருவருக்கும் காட்டியதும் லெட்சுமி. "பவளம் எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி" என்று அழுதாள். மாதிரியாம்! 'மாதிரி' இல்லாத கூடப்பிறந்தவள் நான், முன்வரிசையில் கண்ணீர் விடாமல் இருந்தேன். அழுகை அவளுக்கு வசமாக வந்தது, எனக்கு வரவில்லை. அதிலும் பொறாமை.

அதோடு முடியவில்லை. உன் வீட்டை வாடகைக்கு விட்டபோது, தோட்ட வேலியில் இருந்த உன் வெப்பமானியைச் சுபா அவளுக்கே கொடுத்துவிட்டாள். உன் பக்கம் இருந்ததைக் கழற்றி, அதே தூணில் அவள் பக்கமாகத் திருப்பி மாட்டியாயிற்று. ஏன் என்று கேட்டேன்.

"பெரியம்மா, லெட்சுமி ஆன்ட்டி டெய்லி அதைப் பாக்கிறவ. உங்களிட்ட ஒண்டு இருக்குத்தானே? வை டூ யூ நீட் டூ?"

என்னிடம் இருப்பது என்னுடையது. நான் கேட்டது என் தங்கச்சியுடையதை. இந்த வித்தியாசத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பார்கள்?

இந்த மாசியில் கிழக்குக் காற்று எழுந்தது. மழை சில இடங்களில் பனியாக மாறலாம் என்று வானொலி சொன்னது. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அன்றைக்குக் குட்மேய்ஸுக்குப் போவது. மாறுவதை முதலில் மாறும் இடத்திலேயே நின்று ஒரு தடவை பார்ப்பது. வரும்போது உன் வெப்பமானியைக் கையோடு கொண்டுவருவது. உன் அத்தானின் திருப்புளியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்ட்ராட்ஃபோர்டில் ரயில் மாறி, நனைந்துகொண்டு போய் அவள் வீட்டு மணியை அடித்தேன்.

"அக்கா! வாங்க வாங்க, இந்த மழையிலயா வர்றது? ஃபோன் பண்ணியிருந்தா ஸ்டேஷனுக்கே வந்திருப்பேனே லா!"

"மிஸஸ் சிவலிங்கம்" என்றேன்.

"ஆங்?"

"என்னை மிஸஸ் சிவலிங்கம் எண்டு கூப்பிடலாம்."

"சரிங்கக்கா" என்றாள்.

சமையலறையில் கணினி திறந்திருந்தது. "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ரோம்ஃபோர்ட்ல கலந்து வருதாம். குட்மேய்ஸ் என்னாச்சுன்னு என்னைத்தான் கேக்குறாங்க" என்று பெருமையோடு காட்டினாள். அந்தக் கேள்வி முன்பு உன்னிடம் கேட்கப்பட்டது, பவளம். உன் நாற்காலியில் இன்னொருத்தி இருந்து பதில் எழுதுகிறாள்.

தேத்தண்ணியைத் தொடாமலே சொன்னேன். "பவளத்தின்ர தெர்மோமீற்றரைக் கழட்டிக்கொண்டு போக வந்தனான்."

"எடுத்துக்குங்க. உங்க தங்கச்சியோடது. எனக்கென்ன உரிமை இருக்கு?" என்று குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் தோட்டத்துக்கு இறங்கினாள். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு இதைவிட அவமானம் உண்டா? இந்தத் தாராளத்தை அவள் உன்னிடம்தான் பழகியிருக்க வேண்டும்.

தூறல்தான் போட்டுக்கொண்டிருந்தது. வெப்பமானி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் நின்றது. ஒன்று சொல்ல வேண்டும்: அவள் பக்கம் வடக்கைப் பார்த்திருக்கிறது, உன் பக்கம் தெற்கை. வருடாவருடம் பங்குனியில் "அக்கா, இஞ்ச இப்பவே கோடை மாதிரி" என்று நீ சொன்னதெல்லாம் வேலிப் பலகையில் பட்ட வெயில். எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது.

அவள் குடை பிடிக்க, நான் மேல் திருகாணியைக் கழற்றினேன். கீழ்த் திருகாணியில் கை வைத்தபோது என் கைத்தொலைபேசி அடித்தது. பிளேஸ்டோவில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளை கீதா.

"அன்ரி, எங்க நிக்கிறியள்? இஞ்ச ஸ்நோ கொட்டுது!"

"மழையோட கலந்தோ, தனியவோ?"

"என்ன கேக்கிறியள்? வெள்ளை வெளேரெண்டு கொட்டுது."

"கறுப்புத் துணியில விழுந்தால் உருவம் நிக்குதோ?"

"அன்ரி, நான் காயப்போட்ட உடுப்பு எடுக்க வந்தனான். சோதினை எழுத வரேல்லை."

தொலைபேசி சத்தமாகப் பேசுகிற வகை. லெட்சுமிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. குடையோடு உள்ளே ஓடினாள். எழுபதைத் தாண்டிய ஒருத்தியை மழையில் விட்டுவிட்டு ஓடுகிறோம் என்ற நினைப்பே இல்லை. கணினியில் மழைப் படத்தைப் பார்த்துவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

"தேம்ஸ் மேலயே ஒரு கோடு மாதிரி வந்து நேரா உங்க வீட்டுப் பக்கம் போகுதுக்கா. அங்கதான் கனமாப் பெய்யுது, அதான் மாறிடுச்சு. நமக்கு அதோட ஓரம்கூட இல்ல லா." பிறகு, ஏமாந்த குரலில்: "எப்பவும் நமக்குத்தானே முதல்ல வரும்?"

"கொஞ்சம் பொறுங்கோ, வரும்" என்றேன்.

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உதடு இறுகி, கண் என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தது. சுத்தமான பொறாமை. பிளேஸ்டோவைப் பார்த்து குட்மேய்ஸ் பட்ட பொறாமை. இத்தனை காலமும் உன் முகத்தில் ஒரு தடவையாவது வராதா என்று நான் காத்திருந்த அந்த முகம்.

அங்கே நின்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்தத் தூணில் வெப்பமானி இல்லாமல் போனால், குட்மேய்ஸில் பார்த்துக்கொண்டிருக்க யாரும் இருக்கமாட்டார்கள். நான் என் சன்னலில் நின்று யாரை வெல்வது? எதிரில் ஆள் இல்லாமல் ஆடுகிற ஆட்டத்துக்கு வெற்றி என்று பெயரா?

கழற்றிய திருகாணியை மறுபடியும் போட்டு முறுக்கினேன்.

"ஏங்க்கா, எடுக்கலையா?"

"இடம் மாறினால் அளவு கெட்டுப்போகும்" என்றேன். அதுவும் உண்மைதான். மிச்சத்தை அவளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

திரும்பும் வழியில் ஸ்ட்ராட்ஃபோர்டைத் தாண்டியதும் கூரைகள் எல்லாம் வெள்ளை. என் தெருவுக்குப் போனபோது பிள்ளைகள் என் மதிலில் இருந்ததை வழித்துப் பந்து செய்து முடித்திருந்தார்கள். நடைபாதை முழுக்க யார் யாருடையவோ காலடிகள். கீதா வாசலில் நின்றாள்.

"மாறினதை நீ பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி. கொட்டிக்கொண்டு நிண்ட மழை, டக்கெண்டு சத்தம் நிண்டுது. நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் ஆறுதலா, மிதந்து மிதந்து வருது. வடிவாய்த்தான் இருந்தது." சொல்லிவிட்டு உடுப்பு மடிக்க உள்ளே போய்விட்டாள். வானம் என்ற ஒன்று இருப்பதே தெரியாத பெண்ணுக்கு அது கிடைத்தது! அந்தக் கணத்துக்காக ஆயுள் முழுக்க நின்றவள் நான், அந்த நேரத்தில் உன் தோட்டத்து வேலியோரம் தூறலில் நனைந்துகொண்டிருந்தேன். என் சொந்த வீட்டின்மீதே நான் பொறாமைப்பட்ட நாள் அது.

ஆனாலும் கையுறையை நீட்டிப் பார்த்தேன். விழுந்தது, உருவம் குலையாமல் கிடந்தது. பனி. ஐயமில்லை.

இதுதான் செய்தி, பவளம். முதலில் பிளேஸ்டோவில். குட்மேய்ஸில் அன்று முழுவதும் மழை. நான் வென்றுவிட்டேன். உனக்கு எரிகிறதா? "அது ஸ்லீட்டா இருக்கும் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா? அல்லது வழக்கம்போல "சந்தோஷம் அக்கா" என்று சிரித்து, என் வெற்றியையும் பாழாக்கியிருப்பாயா? போவதில்கூட மூத்தவளை முந்திக்கொண்டு போனவள் நீ. உன்னிடம் நான் எதை எதிர்பார்ப்பது?

பின்னேரம் லெட்சுமி கூப்பிட்டாள். "கடைசிவரைக்கும் மழைதான்க்கா. உங்களுக்கு எவ்வளவு நின்னுச்சு?" குரலில் இன்னும் எரிச்சல் இருந்தது. கேட்க நன்றாக இருந்தது. அளந்ததைச் சொன்னேன், கூட்டாமல் குறைக்காமல். "அடுத்த தடவ பாருங்க" என்றாள். பார்ப்போம் என்றேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கிழக்குக் காற்று வருகிற நாளில் இனி வீட்டை விட்டு அசையமாட்டேன். அவள் கூப்பிட்டால் எடுப்பேன். அவளை எரிச்சலூட்ட என்னால் ஆனதை எல்லாம் செய்வேன், அவள் என்னை எரிச்சலூட்டினால் தாங்கிக்கொள்வேன். ஆனால் குட்மேய்ஸில் எத்தனை முறை முதலில் மாறினாலும், அவள்மீது பொறாமைப்படமாட்டேன். என்னிடம் இருக்கிற பொறாமை முழுவதும் உனக்குரியது. அதில் ஒரு துளியையும் வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னிடம் மட்டுமே தோற்றுப் பழகிய
உன் அக்கா