பெரியவரின் தடுப்பூசிப் புத்தகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் பெரியவரும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் பேத்தி உன் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் காதில் விழக் கூடாத விஷயம் இது. அதனால்தான் கடிதம்.

முதலில் உங்கள் நாயின் சமாசாரம். மீசையும் தாடியுமாக இருக்கிறதே என்று நான் பெரியவர் என்று கூப்பிடப்போக, இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. முன்பெல்லாம் நீதானே அதற்குத் தலை வாருவாய். எனக்குப் பக்குவம் தெரியாமல் மேலாக வாரிவிட்டு, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். காதுக்குப் பின்னால் அடிமுடி சிக்குப் பிடித்துத் திரண்டு, தோல் சிவந்துவிட்டது. இப்போது முடியை விலக்கி அடியிலிருந்து வாருகிறேன். கண்ணோரத்தை ஈரத்துணியால் துடைத்தால் பிடிக்காது. பந்தியில் கவனிக்காமல் விட்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடிக்காது, அதிகம் குரைக்காது. தனியாக விட்டால்தான் ஆகாது. நான் குளித்துவிட்டு வரும்வரை கதவு இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருக்கும். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வண்டிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடும். குழந்தை இறங்கவில்லை என்றால் திரும்பி வந்து தண்ணீரைக்கூடத் தொடாது. இரண்டே மாதம், வெளிநாட்டிலிருந்து வந்துவிடுவார்கள், பொறுத்துக்கோ என்று நானும் சொல்லிவந்தேன். இரண்டு மாதம் ஐந்து மாதமாகிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஊசி போடக் கூட்டிப்போனேன். நீங்கள் வருவது தள்ளிப்போகிறதே, நாயையாவது குழந்தையிடம் விமானத்தில் அனுப்ப என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சப்பை மூக்கு நாய்க்கு விமானத்தில் மூச்சு முட்டும், அனுப்பவே கூடாது என்று உங்கள் மகளிடம் அப்போதே சொன்னேனே என்றார். அதோடு விட்டிருக்கலாம். "நாங்க அங்கேயே தங்கப்போறோம், அம்மாவுக்குத் துணையா இருக்கட்டும்னு சொல்லித்தானே உங்க பொண்ணு நாயை உங்க பேருக்கு மாத்தினாங்க?" என்றார்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பேத்தியின் பெயரை அடித்துவிட்டு என் பெயர். உன் கையெழுத்து. நான் கைபிடித்துப் பழக்கிய எழுத்து எனக்குத் தெரியாதா? நீ என் எதிரே உட்கார்ந்து, "ரெண்டு மாசம் பாத்துக்கோம்மா" என்று சொன்ன நாளுக்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். தேதி படிக்கத் தெரியும்.

அங்கேயே தங்கப்போகிறோம் என்று சொல்லியிருந்தால் போகாதே என்றா சொல்லியிருப்பேன்? தெருத்தெருவாகப் பெருமை அடித்திருப்பேன். நீங்கள் வந்து படுப்பீர்கள் என்று வாராவாரம் தலையணை உறையைத் துவைத்துப் போட்டேனே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மாப்பிள்ளைக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும். பெற்றவளுக்கும் நாய்க்கும்தான் தெரியவில்லை.

பேத்தி ஞாயிறுதோறும் கேட்கிறாள், பெரியவருக்கு டிக்கெட் எடுத்தாச்சா பாட்டி என்று. இன்னும் கொஞ்ச நாள் கண்ணு என்று இனி என் வாய் சொல்லாது. நீயே அவளை மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிடு. அழுவாள், அழட்டும். அவள் வயதில் தெரிந்தால் ஆறிவிடும்.

நாயை யாருக்காவது கொடுத்துவிடுவேனோ என்று பயப்படாதே. அது என்ன பாவம் செய்தது? தோல் சிவப்பும் தணிந்துவிட்டது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல் வாழ வேண்டும். கோபத்தோடுதான் ஆசீர்வாதம் பண்ணுகிறேன், இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள். தலையணை உறையை இந்த வாரமும் துவைத்துவிட்டேன். கை பழகிவிட்டது.

இப்படிக்கு,
உன் அம்மா